எடை மிஷினும் எங்க ஆயாவும்

"செருப்பக் கழட்டிட்டு ஏறும்மா" என்றார் நர்ஸ். 2022 டிசம்பரில் பொன்னேரிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக். மூட்டு வலிக்காகப் போயிருந்தேன். முள் ஆடி ஆடி 78-இல் நின்றது. உயரம் 154 சென்டிமீட்டர். இடுப்புக்கு டேப் போட்டதில் 101. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 6.3 என்று ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது. 6.5 என்றால் சர்க்கரை நோய். நான் வாசப்படியில் நிற்கிறேன் என்று அர்த்தம்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே எந்த ஊர் என்றார். ஏரிக்கரையில் எங்க ஊரின் பேரைச் சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" என்றார். இந்தக் கேள்வி எங்களுக்குப் புதுசில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் கேட்டுப் பழகினதுதான். காலனி என்றேன். "அதான். கறி, மீனுன்னா உங்க ஆளுங்களுக்கு அளவே கிடையாது. வாயக் கட்டணும்" என்றார்.

மைக் பிடித்தால் ஒரு மணி நேரம் இறங்காமல் பேசுகிறவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சாதியைச் சொல்லித் திட்டினால் பதில் சொல்லத் தெரியும். நம்ம உடம்பையே நமக்கு எதிரான சாட்சியாக எடுத்து வைத்தால் என்ன சொல்றது? காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். "உடம்பு வெச்சிகீதுன்னா டாக்டராண்ட போவாங்களாடி? உங்க ஆயா இருந்தா திருஷ்டி சுத்திப் போட்டிருக்கும்."

அது உண்மை. எங்க பக்கம் உடம்பு வைப்பது கெட்ட சேதி இல்லை. 'பூசினாப்ல ஆயிட்ட' என்றால் நல்ல வார்த்தை, புகுந்த வீட்டில் சோறு போடுகிறார்கள் என்று பொருள். இளைத்தவளைத்தான் ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னா, புருசன் சரியில்லியா? காசநோவா?" என்று கேட்பார்கள்.

ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரி இந்தியாவிலேயே சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. ஆந்திரம், தமிழ்நாடு ரெண்டுக்கும் பரந்து கிடக்கிறது. அத்தனை பெரிய தண்ணீரில் எங்களுக்கென்று ஒரு முழம் கிடையாது. நல்ல ஆழமும் இறாலும் இருக்கும் இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை கட்டுவது இங்கே பழைய வழக்கம். அந்தப் பாட்டு உரிமை பட்டினவர் கிராமங்களில் பிறந்த ஆண்களுக்கு. காலனிக்காரனுக்கும் இருளருக்கும் அதில் சீட்டு இல்லை. பாடு முறை ஏரியைக் காப்பாற்றியது, சண்டையைக் குறைத்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பாராட்டி எழுதுகிறார்கள். இருக்கலாம். சீட்டுக் குலுக்குகிற இடத்தில் யார் நிற்கவே முடியாது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

வலைக்கு இடமில்லாதவர்களுக்குக் கைதான் வலை. எங்க ஆயா கையால் தடவித்தான் இறால் பிடித்தது. மார்பளவுத் தண்ணியில் குந்தி, சேத்தைத் தடவித் தடவி, அகப்பட்டதைப் பறியில் போடும். ரெண்டு கையும் தண்ணிக்குள்ளே இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ளும். விடியலில் இறங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் அதே குந்தல்தான். சிப்பி கிழித்து, கெளுத்தி முள் குத்தி, விரல்கள் வெந்து வெளுத்துப் போயிருக்கும். முன்பல் ரெண்டும் சீக்கிரமே ஆடிப்போனது. ஆயாவின் எடை என்ன என்று யாருக்கும் தெரியாது. அது எடை மிஷினில் ஏறினதே இல்லை. எடை போட்டதெல்லாம் அது பிடித்த இறாலைத்தான். அதிலேயும் வியாபாரியின் தராசு ஒரு பக்கம் சாயும்.

அந்த வீட்டில் நான் எப்படி 78 கிலோ ஆனேன்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரியில் மட்டும்தான் உலை. பகலில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு. அதற்காகவே ஸ்கூலுக்குப் போனேன் என்று எழுதினால் தமிழ் எம்.ஏ. படித்ததற்கு அவமானம் இல்லை. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-இல் இலவசமானது. அரிசிப் பானை காலியாகாத வீடு என்பதை எங்க அம்மா அப்போதுதான் பார்த்தார். அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் பானையில் சோறு வந்த அளவுக்குப் பக்கத்தில் பருப்பும் காயும் முட்டையும் வரவில்லை. ஏரியில் மீனும் குறைந்துகொண்டே வந்தது. தெற்கே அனல் மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. கிடைக்கிற நல்ல இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறிப் போய்விடும். எங்க தட்டில் மலை மாதிரி வெள்ளைச் சோறு, மேலே குழம்புத் தண்ணி. பசித்த காலத்துப் பழக்கத்தில் அதை மூணு அகப்பை, நாலு அகப்பை என்று சாப்பிட்டேன்.

ஆயா சோற்றுக்கு மேலே ஆறு மணி நேரம் தண்ணியில் குந்தியது. நான் உட்கார்ந்தேன். பஸ்ஸில், அலுவலகத்தில், கூட்டத்தில் என்று இயக்க வேலை முக்காலும் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. கணக்குப் போட்டால் ஏறக்குறைய எழுபது கிராம் சர்க்கரையை, சாப்பாடு என்றே நினைக்காமல் குடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சோறு தின்று, அப்படியே படுக்கை.

கிளினிக்கில் ஒரு டயட் சீட்டும் கொடுத்திருந்தார்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ஆறு பாதாம், ப்ரோக்கோலி, கொழுப்பு எடுத்த தயிர். மொத்தம் 1,200 கலோரி. ஓட்ஸ் வாங்கினேன். ப்ரோக்கோலி எங்க பஜாரில் யாரும் கண்ணால் பார்க்காதது. மீதிக்குப் பதில் எதையும் சாப்பிடாமல் இருந்தேன். பதினோராம் நாள், மனைப்பட்டா கேட்டு நடந்த ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தேன். தோழர்கள் முகத்தில் தண்ணி தெளித்தார்கள். அம்மா அன்றைக்கு ராத்திரி என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "பசி இன்னான்னு தெரிஞ்சவ பசியோட வெளாடமாட்டா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை என்னைப் படிக்க வைத்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தபோது, செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரியை அனுப்பினார்கள். நிவாரண முகாமில் கல் உடைக்கிற கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை என்று 1877-இல் அவர் அளவைக் குறைத்தார். மாகாண சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இது மனுசன் உயிரோடிருக்கப் பத்தாது என்று எதிர்த்தார். முகாம்களில் பெரும் பங்கு நம்ம ஜனங்கதான். ஒரு பவுண்டு அரிசி, அதாவது 450 கிராம், சுமார் 1,600 கலோரி. எனக்கு எழுதிக் கொடுத்தது 1,200. பஞ்சப்படியைவிடக் குறைவான படியை நான் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தேன்.

இங்கே அவசரப்பட்டு, 'உடம்பைக் குறைப்பதே மேல்தட்டுச் சதி' என்று முடித்துவிடலாம். ஒரு தோழர் அப்படித்தான் சொன்னார். "இது நடுத்தர வர்க்கத்து வியாதி தோழர். நமக்கெதுக்கு?" தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வது வேறே. தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். ஒரே உடம்பில் கொழுப்பும் ரத்தமில்லாமையும் சேர்ந்தே இருக்கிறது. நாற்பது சதவீதத்தை நடுத்தர வர்க்கம் என்று ஒதுக்கிவிட முடியாது தோழர்களே.

வீட்டுக்குள்ளேயே இதற்குச் சாட்சி வந்தது. 2021-இல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிற ஊழியர் ஒருத்தர், நம்ம தெருக்காரப் பொண்ணு மாதிரிப் பழகுவார். ஒரு நாள் வந்தவர் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, சும்மா இருந்த அம்மாவின் விரலையும் குத்தினார். சர்க்கரை 260-க்கு மேல். அம்மா 43 கிலோ. எலும்பும் தோலும். "எனுக்கா? நான் இன்னா துன்றேன்?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு அந்தப் பொண்ணு பாவம் என்ன சொல்லும்?

அதற்கும் பதில் இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது தாய் பட்டினி கிடந்தால், அந்தப் பிள்ளைக்குப் பின்னாளில் இதய நோயும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் சொன்னார். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். வெள்ளைக்காரக் குழந்தையைவிட நம்ம குழந்தை எடையில் சின்னது, ஆனால் அந்தச் சின்ன உடம்பில் சதையைவிடக் கொழுப்பு தங்குகிற பங்கு கூடுதல். அதனால்தான் ஆசியர்களுக்கு ஆபத்துக் கோட்டைக் குறைத்துப் போட்டார்கள். பெண்ணின் இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். இதை எங்க வீட்டுக் கணக்காக இப்படிச் சொல்லலாம்: ஆயா பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு தண்ணியில் குந்தியபோது எங்க அம்மா அதன் வயிற்றில் இருந்தார். ஆயாவின் பசிதான் அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரையாக வந்து நிற்கிறது. அந்தக் கிளினிக் டாக்டர் வாயைக் கட்டச் சொன்னது, ஏற்கெனவே கட்டிக் கிடந்த வாயை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தேன், அம்மாவும் நானும் சேர்ந்து. முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்தினோம். பத்து நாள் விளக்கெண்ணெய் மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. சோற்றை விடவில்லை. மூணு அகப்பையை ஒன்றரை ஆக்கினோம். தட்டில் பாதி கீரை, காய். முருங்கைக்கீரை காசில்லாமல் கிடைக்கும், முட்டைகோசும் சுரைக்காயும் விலை மலிந்த நாளில் வாங்கலாம். கால் பங்கு மீனோ முட்டையோ சுண்டலோ. காரப்பொடி, மத்தி, நெத்திலி என்று ஏழைங்க மீனெல்லாம் புரதத்தில் எந்த வஞ்சிரத்துக்கும் குறைந்ததில்லை. வறுக்காமல் குழம்பு வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி, எண்ணெய் குறைத்து மிளகு போட்டு. டாக்டர் எதைப் பழித்தாரோ அதுதான் என் வயிற்றை நிறைத்துச் சோற்றைக் குறைக்க உதவியது. கேழ்வரகுக் களி நல்லதுதான். ஆனால் களியென்று ரெண்டு உருண்டை முழுங்கினால் அதுவும் மாவுதான், எடை ஏறும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் அம்மாவுக்கு மாசம் ஒருமுறை, அதுவும் ஊறவைத்து அலசி. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். இதற்காகவே மாலைக் கூட்டங்களைச் சீக்கிரம் முடிக்கச் சண்டை போட்டேன். அதில் மற்றப் பெண் தோழர்களுக்கும் நல்லது நடந்தது.

சாப்பாட்டைவிடக் கஷ்டமாக இருந்தது நடைதான்.

எங்க காலனியிலிருந்து மெயின்ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு முனையைத் தாண்ட வேண்டும். காலையில் அஞ்சரை மணிக்கு அங்கே டீக்கடை திறந்துவிடும். முதல் நாள் வெறுங்கையோடு நடந்தேன். "இன்னா, இந்நேரத்துல எங்க?" என்றார் ஒருத்தர். சும்மா நடக்கிறேன் என்றேன். சிரிப்பு. அடுத்த நாளிலிருந்து ஒரு காலித் தண்ணிக் கேனைக் கையில் எடுத்துப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் குடமோ தலையில் கூடையோ இருந்தால் நம்ம பொம்பளைங்க எத்தனை மைல் வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரு சுமையும் இல்லாமல், தன் உடம்புக்காக மட்டும் நடந்தால்தான் கேள்வி. காலிக் கேனோடு பன்னிரண்டு நாள் நடந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பதிமூணாம் நாள் கேனை வீட்டிலேயே வைத்தேன். என்னத்தைப் படித்தோம் என்று கோபம் வந்துவிட்டது. 1893-இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்லு வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலையும் கிணறும் எல்லாருக்கும் உண்டு என்று ஆக்கினார். மேடைக்கு மேடை நான் பேசுகிற வரலாறு அது. நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சாலையில் நடக்க நான் ஒரு பொய்க் கேனைத் தூக்கணுமா? "எங்க?" என்று கேட்டவரிடம், "உடம்பக் கொறைக்க நடக்கிறேண்ணா, நீங்களும் வாங்களேன். உங்க தொப்ப என்னுதைவிடப் பெருசா கீது" என்றேன். கடையே சிரித்தது, இந்தத் தடவை அவரைப் பார்த்து. ஒரு மாசத்தில் காலனியிலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஊர்த்தெருப் பெண்கள் ரெண்டு பேர், முதலில் பத்தடி பின்னால், பிறகு கூடவே. சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. திரும்பும்போது டீக்கடையில் அவர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள், நாங்கள் நிற்காமல் வந்துவிட்டோம். ஆனால் நடக்கும்போது மூட்டு வலியும் மாமியார் கதையும் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

இருபது நிமிஷத்தில் ஆரம்பித்தது அம்பது நிமிஷம் ஆனது. வாரத்துக்கு ரெண்டு நாள், அதே தண்ணிக் கேனில் நிஜமாகவே தண்ணி நிரப்பித் தூக்கி இறக்கினேன். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தேன். நடை மட்டும் போதாது, சதை வலுக்க வேண்டும் என்பது உண்மை. மூட்டு வலி விட்டது அதனால்தான்.

சில நாள் டச்சுக் கல்லறை வரைக்கும் போவோம். அதன் வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் பிடிப்பார்கள். 1613-இல் கோட்டை கட்டின அந்த டச்சுக்காரர்கள் இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். பஞ்ச காலத்தில்தான் ஆட்கள் மலிவாகக் கிடைத்தார்கள். சோற்றுக்காகப் பிள்ளைகளை விற்றார்கள். விற்றவனுக்குக் கல்லறை இருக்கிறது. ஏறிப்போனவர்களுக்கு ஒரு கல்லும் நான் பார்த்தவரை இல்லை.

எம்.ஏ. வகுப்பில் ஒரு பேராசிரியர் நுண்ணிடை, கொடியிடை, மின்னலிடை என்று ஒரு மணி நேரம் ரசித்து நடத்துவார். பையன்கள் சிரிப்பார்கள், நான் தாவணியை இழுத்து மூடிக்கொள்வேன். அவர் வேகமாகத் தாண்டிப்போன ஒரு இடம் சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. அங்கே வருகிற கிணைப்பறைக்காரன் வீட்டுப் பெண்ணுக்கும் இடை மெலிந்தது. ஆனால் பசியில் வாடி அப்படி ஆனது என்று புலவரே சொல்லிவிடுகிறார். குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பு வாங்க வழியில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நம்ம இடுப்பைப் பற்றி இலக்கியம் சொன்ன நிஜம் அதுதான். எனக்கு வேண்டியது அந்த இடை இல்லை. மூட்டு வலிக்காமல் ஆர்ப்பாட்டத்தில் மூணு மணி நேரம் நிற்கிற உடம்பு வேண்டும்.

முதல் மாதம் மூணு கிலோ குறைந்தது. பிறகு மாதம் ஒரு கிலோ. 70-இல் வந்து மூணு மாதம் அசையவே இல்லை. அழுதேன், விடவில்லை. 2024 ஏப்ரலில் 64. பதினாறு மாதத்தில் 14 கிலோ. சர்க்கரை 6.3 இருந்தது 5.6 ஆனது. ஆசியர்களுக்கான அட்டவணைப்படி நான் இன்னமும் குண்டுதான், உயரத்துக்கு எடை கணக்கில் 27 வருகிறது. இருக்கட்டும். அம்மாவுக்கு மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தது, எடையும் ரெண்டு கிலோ ஏறியது. வீட்டில் ஒருத்தி குறைந்தாள், ஒருத்தி ஏறினாள். ரெண்டுக்கும் ஒரே குழம்புதான்.

தெருவில் இப்போதும் கேட்கிறார்கள், "இன்னாடி, எலும்பாப் பூட்ட, ஒடம்புக்கு இன்னா?" நான் பதில் சொல்லுமுன் அம்மா சொல்லிவிடுகிறார்: "நோவு வந்து எளைக்கல. துன்ன இருந்தும், அளந்து துன்னு எளைச்சா."

அந்த 'இருந்தும்' என்ற சொல்லுக்கு எங்க வீட்டில் மூணு தலைமுறை ஆனது. இறாலுக்குத் தண்ணியில் இறங்குகிற இருளர் பெண்களில் பலருக்கு அது இன்னும் வரவில்லை. விடியலில் நாங்கள் நடந்து போகும்போது, ஏரியில் பறியைக் கடித்தபடி சில தலைகள் மட்டும் தெரிகின்றன. அவர்களிடம் போய் நடைப்பயிற்சி பற்றிப் பேச முடியாது. அவர்களுக்குத் தண்ணியில் ஒரு பங்கு, தட்டில் ஒரு முட்டை, விரலைக் குத்திப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அடுத்த கூட்டத்தில் பேச நான் எழுதி வைத்திருப்பது இந்த மூணைத்தான்.